காருக்குக் குளிருது என்றேன்

"டாக்டர் ஓட்டின வண்டிம்மா" என்றுதான் புரோக்கர் ஆரம்பித்தான். தமிழ்நாட்டில் விற்பனைக்கு நிற்கும் பழைய கார் அத்தனையும் டாக்டர் ஓட்டியதுதான். இவ்வளவு காரையும் ஓட்டிவிட்டு அவர்களுக்கு ஊசி போட எப்போது நேரம் கிடைத்ததோ. அடுத்ததாக, "ஏ.சி. போட்டா உள்ள சும்மா சில்லுன்னு இருக்கும்" என்றான். பூம்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கி, கழற்றிய ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிற என்னிடம் இதைச் சொன்னான்.

"சில்லுன்னு இருக்கறதுக்கா தம்பி காசு குடுக்கணும்? எங்க ஊர்ல வாசக்கதவத் தொறந்தாப் போதுமே."

மருமகள் என் கையைக் கிள்ளினாள். பேரம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே சத்தியம் வாங்கியிருந்தாள். பேசாமல் இருந்திருந்தால் இன்னும் ஐயாயிரம் குறைத்திருப்பானாம். இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

கார் வாங்கியது அவளுக்காகத்தான். நர்சிங் படித்தவள். கொடைக்கானலில், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில், காய்ச்சல் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. காலை ஏழு மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். இவள் போய்ச் சேர்ந்தால்தான் ராத்திரி முழுக்க முழித்திருந்த நர்ஸ் வீட்டுக்குப் போகலாம். மூன்று மாதம் பார்ப்பார்கள், அதற்குள் மூன்று தடவை தாமதமாக வந்தால் அப்படியே திரும்பிப் போய்விடலாம், ஒழுங்காக வந்தால் வேலை நிரந்தரம். முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் பஸ்ஸை நம்பினால் ஏழு மணிக்கு அவள் காட்டுக்குள் ஜன்னல் வழியாகக் குரங்கு பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் மகன் பட்டாளத்தில் இருக்கிறான், வடக்கே. போனில், "ஸ்கூட்டர் வாங்கிக்கட்டும்மா, அது போதும்" என்றான்.

"ஏலே, விடிகாலப் பனியில ரோட்டு நடுவுல காட்டுமாடு நிக்கும். ஒங்கிட்ட துப்பாக்கி இருக்கு. அவகிட்ட ஹாரன் மட்டுந்தான் இருக்கு."

அதோடு அவன் பேச்சு முடிந்தது. காராக இருந்தால் நானும் ஏறிக்கொண்டு டவுனுக்குப் போகலாம் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்.

வாங்கிய வண்டிக்குச் செடான் என்று பெயராம். முன்னால் மூக்கும் பின்னால் டிக்கியும் நீட்டிக்கொண்டு, நடுவில் நாம் உட்கார வேண்டும். இப்போது எல்லாரும் உயரமான வண்டிக்கு ஓடுவதால் இந்தக் குட்டை வண்டிகள் மலிவு. ஏன் மலிவு என்று எங்கள் ஊர் ரோடு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. ஒரு கல்லில் வயிறு தட்டி சைலன்சர் கழன்று தரையில் இழுபட்டது. வெல்டிங் எழுநூறு. பின்பக்கக் கண்ணாடி கதவுக்குள் விழுந்து மேலே வர மாட்டேன் என்றது. கண்ணாடியைத் தூக்கும் மோட்டார் புதிதாக வாங்கினால் மூவாயிரத்துக்கு மேல் என்றார்கள். நான் விறகுச் சிராய் ஒன்றைச் செருகி நிறுத்தினேன். ரூபாய் ஒன்றும் ஆகவில்லை, இன்னும் நிற்கிறது. முன் சக்கரத்துப் பக்கம் கடக்கடக் என்றது. புஷ் என்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் மாற்றி நாலாயிரம் வாங்கினார்கள். இதெல்லாம் மூட்டுவலி மாதிரி. பழைய உடம்பு என்றால் இருக்கத்தான் செய்யும். கவலைப்படவில்லை.

வியாதி என்று வந்தது மார்கழியில். காலையில் சாவியைத் திருகினால் கிர்ர் கிர்ர் என்று இழுக்கும், பிடிக்காது. பிடித்தாலும் மேட்டில் திக்கித் திக்கி ஏறும். பெட்ரோலோ பசுமாடு கழுநீர் குடிக்கிற மாதிரி குடித்தது. டவுனில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனாள். கம்ப்யூட்டர் பார்த்து, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் நாலையும் மாற்றச் சொன்னது. மாற்றினோம், பத்து நாள் ஓடியது, பதினோராம் நாள் நின்றது. அன்றுதான் முதலாவது தாமதம். அடுத்து பேட்டரி, ஐயாயிரத்துச் சொச்சம். ஒரு வாரம் ஓடியது, பிறகு பழையபடி திக்கியது. அடுத்து பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி நாலு பிளக். தை பிறந்த மூன்றாம் நாள் மறுபடி நின்றது. இரண்டாவது தாமதம்.

அன்று சாயங்காலம் அவள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு தடவைதான் அத்தை."

"அதான் தெரியுமே."

"அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு."

அதுவும் தெரியும். கல்யாணமாகி வந்து நாலு வருடம் என்னோடு பூண்டு உரித்தவள்தான். முகம் கோணியதில்லை. ஆனால் அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவள் நடக்கிற நடையே வேறு. மகனோ போனில், வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுங்கள் என்று ஆரம்பித்திருந்தான். வண்டி போனால் வேலையும் போகும்.

கழற்றிய பழைய பிளக்குகளை அவள் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே புகையில் பூண்டு கட்டித் தொங்கவிடும் கம்பு மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தன. நன்றாக எரிகிற அடுப்பில் கரி இப்படிப் பிடிக்காது. ஈர விறகு வைத்துப் புகையவிட்டால்தான் பிடிக்கும். அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

பதில் சொன்னது பூனை. பக்கத்து வீட்டில் காய்கறி ஏற்றும் ஜீப் ஒன்று உண்டு. அது வந்து நின்றதும் தெருப்பூனை பானட்டில் ஏறிச் சுருண்டுவிடும், சூட்டுக்கு. அதே நேரம் எங்கள் காரும் வந்து நிற்கும். ஒரு நாள்கூட எங்கள் கார் மேல் அது படுத்ததில்லை. போய்க் கையை வைத்துப் பார்த்தேன். ஜீப் இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது. எங்கள் கார், பத்தொன்பது கிலோமீட்டர் மலையில் ஓடி வந்தது, வெதுவெது என்றுகூட இல்லை.

எங்கள் ஊரில் பனி இறங்கினால் கன்றுக்குட்டிக்குச் சாக்குப் போர்த்துவோம். மறுநாள் வெள்ளனே எழுந்து, யாரும் பார்க்காமல், உரச்சாக்கு ஒன்றை ஒற்றையாக விரித்து, காரின் மூக்குக்குள்ளே, காற்று புகுகிற அந்தக் கம்பி வலைக்கு முன்னால் செருகிவிட்டேன். கார் திக்காமல் விக்காமல் டவுனுக்குப் போனது. மறுநாளும் போனது. மருமகள் வந்து, "இன்னைக்கு நல்லா இழுத்துச்சு அத்தை" என்றாள். "ஆமா, அதுக்கும் நல்ல நாள் வராதா" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரித்தேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு விடுமுறை. செண்பகனூரில் ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயிடம் வண்டியைக் காட்டப் போனோம். ஐம்பது வயது மனிதர். பானட்டைத் திறந்து, சாக்கை இரண்டு விரலால் இழுத்து வெளியே எடுத்தார்.

"இது யாரு வச்சது?"

"நாந்தான் பாய்."

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கும்மா?"

"காருக்குக் குளிருது."

பட்டறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டே சிரித்தார். "காய்ச்சல் எதுவும் இருக்கா? கசாயம் குடுத்தீங்களா?"

"சிரிங்க பாய். இத வச்ச ரெண்டு நாளும் வண்டி குதுர மாதிரி ஓடுச்சு. எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க. எங்க ஊருப் பூனைக்குத் தெரிஞ்சது கம்ப்யூட்டருக்குத் தெரியல."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. மருமகளைப் பார்த்து, "சூடு காட்டுற முள்ளு எதுல நிக்கும்?" என்று கேட்டார்.

"எப்பவும் அடியிலயேதான் நிக்கும். அது வேலை செய்யலைன்னு பட்டறைல சொன்னாங்க."

பாய் குனிந்து, தண்ணீர்க் குழாய் சேருகிற இடத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். பிறகு என்னைக் கூப்பிட்டு அந்த ஓட்டையைக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

"இங்க தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு இருக்கணும்மா. ஒரு கதவு மாதிரி. இஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டர் பக்கம் விடாது. சூடானப்புறம் தொறக்கும். கீழ வெயில்ல வண்டி ரொம்பச் சூடாகுதுன்னா, சில பேரு இதப் புடுங்கி எறிஞ்சுருவாங்க. அங்க ஓடிரும். இங்க மலைக்கு வந்தா சூடே ஏறாது. சூடு ஏறலைன்னா பெட்ரோல அள்ளி அள்ளிக் குடிக்கும். குடிச்சது எரியாமப் பிளக்குல கரியாப் படியும்."

"நாஞ் சொன்னதத்தான நீங்களும் சொல்றீங்க?"

"ஆமாம்மா. காருக்குக் குளிருதுதான்."

வால்வு ஆயிரத்து இருநூறு, ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலன்ட் எழுநூறு, கூலி ஐந்நூறு. அதற்கு முன்னால் பிளக்குக்கும் பேட்டரிக்கும் பம்ப்புக்கும் கொட்டியதை நினைத்தால் வயிறு எரியும், அதனால் நினைப்பதில்லை. நான் சொன்னதைப் பாயே ஒத்துக்கொண்ட பெருமையில் நான் தரையிலேயே நிற்கவில்லை. இன்னும் என்னென்ன வரும் என்று மருமகள் கேட்டாள். பாய் வண்டியைச் சுற்றி வந்து சொன்னார். கிளட்ச் பாதி தேய்ந்துவிட்டது, மலையில் ஓட்டினால் ஒரு வருடம் வரும், மாற்ற ஒன்பதாயிரம் ஆகும். முன் பிரேக்குக்கு ஆறு மாதம். கொண்டை ஊசி வளைவில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்காமல் கியரில் இறங்கினால் எட்டு மாதம். டயர் இரண்டு மாற்றினால் போதும். மற்றபடி இஞ்சின் திடம். கடைசியாக என்னைப் பார்த்து, "இனிமே சாக்கு வேண்டாம்மா" என்றார்.

கேட்டேன். காதில் நன்றாகத்தான் விழுந்தது.

பத்து நாள் வண்டி அருமையாக ஓடியது. மூன்று மாதக் கெடு முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. அன்று ராத்திரி பனி கொட்டியது. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் கிடந்தது, பைப்பில் தண்ணீர் வரவில்லை. எனக்கு ஒரே யோசனை: ஒன்பது நாள் இருக்கும்போது இந்தக் கார் மறுபடி மக்கர் பண்ணினால்? மருந்து கொடுக்கிற டாக்டர் போர்வையைப் பிடுங்கிக்கொண்டா போவார்? இரண்டும் இருந்தால் இன்னும் நல்லதுதானே? இந்த முறை சாக்கை நாலாக மடித்து, கெட்டியாகத் திணித்தேன். அன்று கடையில் போட வேண்டிய பூண்டு இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன்.

பூம்பாறையிலிருந்து கிளம்பினால் முதலில் ஏற்றம். ஐந்தாறு கிலோமீட்டர் ஏறியிருப்போம். வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. நல்ல வாசனை என்று நினைத்தேன். மருமகள் முள்ளைப் பார்த்தாள். அது உச்சியில் நின்றது. அடுத்த வளைவில் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. அவள் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்தினாள்.

"என்னத்தா, மேடு ஏறுனதும் நிறுத்திக்கலாமே?" என்றேன்.

"வாயத் தொறக்காதீங்க."

பானட்டைத் தூக்கினோம். உள்ளே கொதித்தது. ஒரு மூடி தெரிந்தது. திறந்து பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். பட்டென்று என் கையில் ஓர் அடி விழுந்தது. நாலு வருடத்தில் அவள் என்னை அடித்தது அன்றுதான். "மூஞ்சி வெந்துரும்!" என்று கத்தினாள். பிறகு ஆவி விலகியது. கம்பி வலைக்கு முன்னால் சாக்கின் ஒரு முனை தெரிந்தது.

"இது என்ன?"

"சாக்கு."

"தெரியுது."

அவ்வளவுதான் சொன்னாள். மணி ஆறு இருபது. போனில் டவர் இல்லை. மூன்றாவது தாமதத்தை நானே என் கையால் மடித்துத் திணித்திருந்தேன். அவள் வெள்ளை உடுப்பில், கைகளைக் கட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றாள். அழவில்லை. திட்டவாவது செய்யலாம் என்றிருந்தது எனக்கு.

அந்த நேரத்தில் கீழே மன்னவனூர்ப் பக்கமிருந்து கேரட் ஏற்றிய வேன் முனகிக்கொண்டு வந்தது. நான் ரோட்டு நடுவில் போய்க் காட்டுமாடு மாதிரி நின்றேன்.

"ஏலே, நில்லுலே!"

டிரைவர் எனக்குத் தெரிந்தவன்தான், எங்கள் பூண்டையும் ஏற்றுகிறவன். தலையை நீட்டினான். "என்ன பாட்டி, சொந்தக் கார் வச்சிருக்கவங்களுக்கு கேரட்டு வண்டி எதுக்கு?"

"பேச்ச அப்புறம் வச்சுக்க. இவள ஏழு மணிக்குள்ள பள்ளிக்கூடத்து வாசல்ல எறக்கி விடணும்."

"முன்னாடி ரெண்டு பேரு உக்காந்திருக்காங்களே. பின்னாடி மூட்டை மேலதான் எடம். வெள்ளச் சட்ட அழுக்காயிரும்."

"சட்டயத் தொவச்சுக்கலாம். வெரசா ஏத்துடா."

முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அவள் உடுப்பைப் பார்த்துவிட்டு, தாங்களே இறங்கி மூட்டை மேல் ஏறினார்கள். அவள் முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "அந்த மூடியத் தொறக்காதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. கார்மேல கைய வைக்காதீங்க."

"அப்ப நான் என்ன செய்ய?"

"சும்மா நில்லுங்க."

எனக்குத் தெரியாத வேலை அது ஒன்றுதான். இருந்தாலும் நின்றேன். கொஞ்சம் மேலே நடந்து போய் டவர் கிடைத்ததும் பாய்க்குப் போன் செய்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். "சாக்கு" என்றேன். "வர்றேன்" என்று வைத்துவிட்டார். பிறகு போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஏழு ஆனது. ஏழு ஐந்து ஆனது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். குழந்தை வேலப்பர் எங்கள் ஊர்க்காரர், அவருக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னேன். ஏழு பத்துக்குப் போன் வந்தது.

"ஆறு அம்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்" என்றாள். உடனே வைத்துவிட்டாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

பாய் எட்டரைக்கு, பட்டறைப் பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார். இஞ்சின் அதற்குள் ஆறியிருந்தது. எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். எனக்கும் காட்டினார்.

"இதுல மோரு மாதிரி வெள்ளையா இருந்தா, தண்ணியும் ஆயிலும் கலந்துருச்சுன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ஹெட்டக் கழட்டி, கீழ லேத்துக்கு அனுப்பி, எல்லாம் மாட்டி எறக்க இருபத்தஞ்சாயிரம் ஆகும். இந்த வண்டிக்கு அத்தனை செலவு பண்றதுக்குப் பதிலா எடைக்குப் போட்டுறலாம்."

"இப்ப எப்படி இருக்கு பாய்?"

"சுத்தமா இருக்கு. உங்க மருமக முள்ளப் பாத்ததும் நிறுத்திருச்சு. இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா முடிஞ்சுது சோலி."

மேடு ஏறியதும் நிறுத்தலாமே என்று நான் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. சாக்கு காற்றை அடைத்ததில் தண்ணீர் கொதித்து ஒரு ஹோஸ் மட்டும் பிய்ந்திருந்தது. அதை மாற்றி, கூலன்ட் ஊற்ற ஆயிரத்து நானூறு. சாக்கை உருவி எடுத்து ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார்.

"அதெதுக்கு பாய் உங்களுக்கு?"

"உங்ககிட்ட இருக்க வேண்டாம்."

பட்டறைப் பையன் ஓட்டிவந்து பள்ளிக்கூட வாசலில் நிறுத்திய வண்டியைச் சாயங்காலம் அவளே எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன், தப்புச் செய்தவள் முன்னால் உட்காரக் கூடாது என்று. காலையில் நின்ற வளைவு வந்ததும் அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, இனிமே வண்டிக்கு எதாச்சும் செய்யணும்னு தோணுச்சுன்னா எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க."

"கேட்டா நீ வேண்டாம்பியே."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன்."

கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து முன்னால் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "சாக்கு, தெரியுது" என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாள் முழுக்கக் காய்ச்சல்காரப் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொன்னாளாம். ஒரு பிள்ளை, அந்தப் பாட்டி நாளைக்கும் வருவாங்களா என்று கேட்டதாம்.

மீதி எட்டு நாளும் வண்டி நேரத்துக்குப் போனது. ஒவ்வொரு காலையும் அவள் டார்ச் அடித்து வண்டி மூக்கைப் பார்த்த பிறகுதான் சாவியைப் போட்டாள். நான் வாசலில் இரண்டு கையையும் விரித்துக் காட்டி நின்றேன். மாசி பிறந்ததும் நிரந்தர உத்தரவு வந்தது. இங்கிலீஷில் இருந்தது. படித்து அர்த்தம் சொன்னாள். சம்பளம், லீவு எல்லாம் இருந்தது.

அன்று மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பறம் என்ன? அந்தப் பழச வித்துட்டு லோன் போட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிருவோம்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "எதுக்கு? இதுல எது எப்பக் கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியும். புதுசுல அது தெரியாது."

"அப்ப அது ஓடுமா?"

"ஓடும். அடுத்த பெரிய செலவு கிளட்ச். ஒம்பதாயிரம். வர்ற மாசம் அனுப்பி வைங்க."